சென்சி சாலையை மூடிய சனிக்கிழமை

ஹின்டர்கார் ஊரில் சென்சி நுழையாத வீடு கிடையாது. அவள் புகைப்போக்கி சுத்தம் செய்பவள். வருடத்துக்கு நான்கு தடவை அவளை உள்ளே விட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். அவளைக் கண்டால் ஆகாதவர்களும் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். கரி அப்பிய கறுப்பு உடுப்போடு அவள் தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் தோளைத் தொட்டுவிட்டுப் போவார்கள், அதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்ளுமாம். "ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்துட்டு நான் மட்டும் வெறுங்கையோட வீட்டுக்குப் போறேன்" என்பாள் சென்சி. நாற்பத்தொன்பது வயது. விவாகரத்தாகி ஆறு வருடம். சொத்து என்று சொன்னால் ஒரு பழைய வெள்ளை வேன், அதன் கூரையில் ஒரு ஏணி, உள்ளே பதினேழு தூரிகை.

பனிச்சரிவுக் குழுவுக்குள் அவள் வந்து விழுந்த கதையை அவளே எல்லோருக்கும் சொல்வாள். பதினோரு வருடத்துக்கு முன், பனி தள்ளும் வண்டி தினமும் தன் கொட்டகை வாசலில் பனியைக் குவித்துவிட்டுப் போகிறது என்று புகார் சொல்ல ஊராட்சிக் கூட்டத்துக்குப் போனாள். தன் முறை வந்ததென்று நினைத்துக் கையைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து மேயர் ஃபெர்டினாண்ட், குழுவில் காலியாக இருக்கும் ஒரு இடத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அத்தனை கைதட்டலுக்குப் பிறகு கொட்டகை வாசலைப் பற்றிப் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

வேலை இதுதான். ஊருக்கு ஒரே சாலை. கீழே ஃபோர்டராவ் வரை ஒன்பது கிலோமீட்டர். ஊரைத் தாண்டி ஒரு கிலோமீட்டரிலேயே மேற்கு மலையிலிருந்து கல்லோடை என்ற பிளவு நேராகச் சாலைமேல் இறங்குகிறது. அதன் உச்சியில் சேரும் பனி எந்த நேரமும் மொத்தமாகக் கிளம்பி வரலாம். வருமா வராதா என்று சொல்ல வேண்டியது குழு. கையெழுத்துப் போட்டுச் சாலையை மூடுவது மேயர். பதினோரு குளிர்காலத்தில் முப்பத்துநாலு முறை மூடச் சொல்லியிருக்கிறார்கள். பனி சாலை வரை வந்தது மூன்றே முறை.

"முப்பத்தொரு தடவ மலைக்கு முன்னாடி பல்ல இளிச்சுட்டு நின்னிருக்கேன். சர்க்கஸ் கோமாளிகூட இவ்வளவு ஷோ பண்ணியிருக்க மாட்டான்" என்பாள் சென்சி.

ரொட்டிக் கடைக்காரன் அவளைப் பார்த்தால் வானத்தைக் காட்டுவான். "சென்சி, அதோ ஒரு மேகம் தெரியுது பாரு. மூடிரலாமா?"

"மூடலாம். மொதல்ல உன் வாய மூடுவோம்" என்று சொல்லிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு போவாள்.

அவளுடைய முன்னாள் கணவன் காசியான் ஒரு தச்சன். ஊர் வாத்தியக் குழுவில் எல்லாவற்றிலும் பெரிய பித்தளைக் குழலை ஊதுகிறவன். நல்லவன்தான். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் ஆரம்பித்த எதையும் முடிக்க மாட்டான். ஊர் வீடுகளுக்கெல்லாம் மாடிப்படி செய்து கொடுத்தவன், சொந்த வீட்டு மாடிப்படியை ஏழாவது படியோடு நிறுத்தினான். மிச்ச ஐந்து படிக்கு ஒன்பது வருடம் ஏணி போட்டு ஏறினாள் சென்சி. ஏணி ஏறுவது அவளுக்குத் தொழில் என்பதால் அவன் அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் சலித்துப்போய், சண்டை கூட இல்லாமல் பிரிந்தார்கள்.

அந்த காசியான் ஃபோர்டராவ் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ரோஸ்வித்தாவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் செய்தி வந்தது. பிப்ரவரி மாதம், இரண்டாவது சனிக்கிழமை, காலை பதினோரு மணி, ஃபோர்டராவ் தேவாலயம். சென்சியிடம் அவனே நேரில் வந்து சொன்னான். அவள் "ரொம்ப சந்தோஷம்" என்றாள். தேவைக்கு மேல் இரண்டு மடங்கு சத்தமாகச் சொல்லிவிட்டோம் என்பது, கூரையிலிருந்த காக்கைகள் பறந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அந்த வருடத்துப் பனியின் அஸ்திவாரமே சரியில்லை. நவம்பரில் முழங்கால் அளவு விழுந்தது. அப்புறம் ஐந்து வாரம் துளிகூட விழவில்லை. வெறும் வெயிலும், இரவில் எலும்பைக் குடையும் குளிரும். அந்தக் குளிரில் தரையோரப் பனி உருமாறிச் சீனியாகிவிட்டது. கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்தது. உருட்டினால் உருண்டை பிடிக்கவில்லை. அதன்மேல் ஜனவரியில் கொஞ்சம், அப்புறம் கொஞ்சம் என்று பனி ஏறியது. சீனி மூட்டைமேல் பலகை போட்ட மாதிரி. பலகை மெலிசாக இருக்கும்வரை பயமில்லை.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன், புதன்கிழமை, வானிலை அறிக்கை வந்தது. வடமேற்கிலிருந்து புயல், இரண்டு நாளில் தொண்ணூறு சென்டிமீட்டர் பனி, பலமான காற்று. அதைப் படித்ததும் சென்சியின் வயிற்றுக்குள் ஒரு சின்னக் குதூகலம் துள்ளியது. அவள் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன்னையே முறைத்தாள்.

"அடி கேடுகெட்டவளே" என்றாள் சமையலறையில் தனியாக நின்று. "வெட்கமா இல்ல உனக்கு?"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் குதூகலம் போகவில்லை.

குழுவில் நாலு பேர். தலைவர் கெப்ஹார்ட், நாற்பது வருடம் மலையைப் பார்த்தவர், போன வாரம் சொந்த வீட்டு வாசற்படியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு கீழே ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒருவர் மகள் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தார். இன்னொருவர், பள்ளிக்கூட வாத்தியார், கடும் காய்ச்சலில் படுக்கை. மிச்சம் சென்சி.

வெள்ளி விடியற்காலையில் கெப்ஹார்டுக்குப் போன் போட்டாள். "எழுபத்தஞ்சு சென்டிமீட்டர் விழுந்தாச்சு. இன்னும் கொட்டுது. காத்து எல்லாத்தையும் கல்லோடைப் பக்கம் வாரிப் போடுது. நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் இங்க கூரைய பாத்துட்டு படுத்திருக்கேம்மா. கூரைல பனி எதுவும் தெரியல. நீதான் மேல இருக்கே, நீ சொல்லு."

"நான் சொன்னா ஊர்ல என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். இங்க நர்ஸுங்களே சொல்றாங்க."

அவள் மூடச் சொன்னாள். மேயர் கையெழுத்துப் போட்டார். ஊருக்குக் கீழே, கல்லோடைக்கு இந்தப் பக்கம் நூறு மீட்டர் தள்ளி, சிவப்பு விளக்கு வைத்த தடுப்புக் கட்டை இறங்கியது. தடுப்பின் பக்கத்தில் வேனை நிறுத்திக்கொண்டு சென்சி காவலுக்கு உட்கார்ந்தாள். எப்போதும் நிறுத்துகிற இடம்தான், பத்திரமான இடம்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு. தடுப்பு வரை வந்த ரொட்டிக் கடைக்காரன் இந்த முறை வானத்தைக் காட்டவில்லை, நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "இங்கதான் புயல் போல?" சென்சி சிவப்பு விளக்கின்மேல் படிந்த பனியைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள். அவன் சொன்னது பாதி உண்மை என்பதுதான் காரணம்.

சாயங்காலம் காசியானின் அம்மா வால்புர்கா, எழுபத்தெட்டு வயது, இடுப்பளவுப் பனியை மிதித்துத் தடுப்பு வரை வந்துவிட்டாள்.

"ஒன்பது வருஷம் ஏணி ஏறினியே, அதுக்கு இப்ப பழி தீத்துக்கிறியா?"

"அத்தை, நான் பனி விழச் சொல்லலியே."

"விழாத பனிக்கே மூடுறவ நீ. முப்பத்தொரு தடவ மூடினியே, எங்க வந்துது?"

எண்ணிக்கையை ஊருக்கெல்லாம் தானே சொல்லிச் சிரிக்க வைத்த புத்தியைச் சென்சி அன்று நொந்துகொண்டாள்.

அந்த இரவு வேனுக்குள் படுத்திருந்த அவளைப் பிடித்தது வேறொரு பேய். திறந்துவிட்டால் என்ன? காலையில் ஒரு மணி நேரம். மாப்பிள்ளையும் பாண்டும் மட்டும் வேகமாகக் கடந்து போகட்டும். எத்தனை பெரிய மனசு இந்தச் சென்சிக்கு என்று ஊரே சொல்லும். தடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வா காசியான், நல்லா இரு" என்று சொல்வதைக்கூட ஒத்திகை பார்த்தாள். குரல் தழுதழுக்கலாமா, திடமாக இருக்கலாமா என்று யோசித்தாள். இரண்டும் நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை ஏழு மணிக்குப் பனி நின்றிருந்தது. மூடுபனி மட்டும் மலையை மறைத்துக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டரில் போய் வெடி வைத்துப் பனியை முன்கூட்டியே இறக்கிவிட வழியில்லை. பைலட்டுக்கு மூக்கு நுனி தெரிய வேண்டுமே. தடுப்புக்கு முன்னால் மேயர், கோட்டில் பூ குத்திய காசியான், அவன் அம்மா, பின்னால் பித்தளை வாத்தியங்களோடு பாண்டு முழுவதும்.

மேயர் மெதுவாகச் சொன்னார். "சென்சி, ஒரு மணி நேரம் போதும். நீ சரின்னு ஒரு வார்த்த சொன்னா நான் தூக்கிடுறேன்."

அவள் வாயில் 'சரி' வந்துவிட்டது. பல்லுக்குப் பின்னால் நின்றது. அப்போதுதான், இந்த 'சரி'யைச் சொல்லப்போவது பனி பார்க்கிற சென்சியா, பெரிய மனுஷி ஆகப் பார்க்கிற சென்சியா என்று ஒரு சந்தேகம் வந்தது. 'வேண்டாம்' என்று சொன்னாலும் அதே சந்தேகம். தன்னிடம் இருக்கிற இரண்டு வார்த்தையும் கெட்டுப்போனவை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"காசியான், கோட்டக் கழட்டு" என்றாள்.

"என்ன?"

"என் கைய நான் நம்பல. நீ வந்து தோண்டு. உன் கையால சோதிச்சுப் பாரு. நீ போகலாம்னு சொன்னா நான் தூக்கறேன்."

பாண்டில் யாரோ சிரித்தார்கள். காசியான் சிரிக்கவில்லை. கோட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தான்.

இரண்டு பேரும் பனிச்சறுக்குப் பலகை மாட்டிக்கொண்டு காட்டோரமாக முக்கால் மணி நேரம் ஏறினார்கள். கல்லோடைப் பக்கம் போகவில்லை. அதே திசையைப் பார்த்த, பத்தடி நீளம்கூட இல்லாத ஒரு சின்ன மேட்டுக்கு அவனைக் கூட்டிப்போனாள். வழியில் சமதளத்தில் நடக்கும்போதே காலுக்கடியில் 'வும்' என்று ஒரு சத்தம். பெரிய மாடு ஒன்று பெருமூச்சு விட்டுப் படுத்த மாதிரி. பனி முழுவதும் ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

காசியான் நின்றான். "என்னது அது?"

"மேல இருக்கிற பனிப்பலக உள்ள உக்காருது. நட."

அவன் தோண்டினான். நெஞ்சளவுக்கு. சென்சி கையைக் கட்டிக்கொண்டு எட்டி நின்றாள். ஒரு சாண் அகலத் தூண் ஒன்றைப் பனியில் அறுத்து நிறுத்த வேண்டும். அவள் ரம்பத்தை நீட்டி எப்படி என்று காட்டப்போக, அவன் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"நீ அறுத்தா கோணலாத்தான் வரும்."

தச்சன் அறுத்த தூண். நாலு பக்கமும் நூல் பிடித்த மாதிரி. பதினோரு வருடத்தில் சென்சி அறுத்த எந்தத் தூணும் அப்படி நின்றதில்லை. கல்யாண நாளில் இந்த மனிதன் ஒரு வேலையை முழுதாக முடித்ததைப் பார்த்து அவளுக்குக் கோபம்கூட வந்தது.

"மண்வாரிய மேல வை. மொதப் பத்துத் தட்டு மணிக்கட்டால. வலிக்காம, பூன தட்டுற மாதிரி. அடுத்த பத்து முழங்கையால. கடசிப் பத்து தோள்லேர்ந்து. எப்ப வழுக்குதுன்னு எண்ணு."

"முப்பதும் தாங்கினா?"

"தாங்கினா தேவாலயத்துக்குப் போ."

அவன் தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டுக்குத் தூண் முழங்கால் உயரத்தில் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டு, இழுப்பறை திறப்பதுபோல முழுதாக வெளியே வந்து அவன் முழங்காலில் மோதி உடைந்தது. அறுந்த இடத்திலிருந்து சீனி மட்டும் கொஞ்ச நேரம் கொட்டிக்கொண்டே இருந்தது.

காசியான் அதையே பார்த்தான். "இன்னொன்னு அறுக்கிறேன்" என்றான்.

அடுத்த தூண் நாலாவது தட்டில் போனது.

"பாண்டு மொத்தம் இருபத்திரண்டு பேரு" என்றான் அவன் கொஞ்சம் கழித்து. இறங்கும்போது அவள் போட்ட தடத்தை விட்டு ஒரு அடிகூட விலகாமல் பின்னால் வந்தான். பதினாலு வருடக் கல்யாணத்தில் ஒருநாள்கூட இப்படிச் சொன்னபடி கேட்டதில்லை என்று சென்சி நினைத்துக்கொண்டாள்.

தடுப்புக்கு வந்ததும் மேயரைப் பார்த்துக் காசியானே தலையை ஆட்டினான். பாண்டுக்காரர்கள் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். எல்லோரும் போன பிறகு சென்சியின் போன் அடித்தது. ரோஸ்வித்தா. இருவரும் அதற்கு முன் பேசியதே இல்லை.

"அக்கா, நான் இங்க வெள்ள கவுனோட உக்காந்திருக்கேன். அறுபது பேருக்கு சூப்பு ஆறிட்டிருக்கு. கோச்சுக்காம ஒன்னு சொல்லுங்க. இது பனியா, பொறாமையா?"

சென்சி கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டும் இருக்கும்மா" என்றாள். "ஆனா ரோட்ட மூடினது பனிதான். பெரிய மனுஷியாக் காட்டிக்கலாம்னு பொறாம திறக்கத்தான் சொல்லிச்சு."

ரோஸ்வித்தா மூக்கை உறிஞ்சிவிட்டு, "சூப்புல போடுற மாவு உருண்டைய எல்லாம் ஃப்ரீஸர்ல வைக்கச் சொல்றேன்" என்றாள்.

மத்தியானம் இரண்டு மணி ஆகப்போகும்போது பசி தாங்காமல் சென்சி, காவலை ஊராட்சி வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள். பனியில் சிக்கிய வேனை அங்கேயே விட்டுவிட்டு வண்டிக்காரரின் டிராக்டரில் போனாள். அவரும் அவளை இறக்கிவிட்டு, அப்படியே ஒரு காபி குடித்தார். அதுதான் அவர் உயிர் பிழைத்த காபி. இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கண்ணாடி ஜன்னல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. மூடுபனிக்குள் எதுவும் தெரியவில்லை. காற்று மட்டும் தெருவெல்லாம் பனித்தூளை வாரிக்கொண்டு வந்து மேசைவிரிப்பு உதறியதுபோலக் கொட்டியது.

கல்லோடை வந்துவிட்டது. சாலைமேல் நாலு மீட்டர் உயரத்துக்கு, ஒரு தெரு நீளத்துக்கு. சென்சி ஓடினாள். தன்னை மீறி அவள் நெஞ்சு நிமிர்ந்தது. முப்பத்தைந்தாவது மூடல், நாலாவது வெற்றி. ஊரே பின்னால் வந்தது. தடுப்பு இருந்த இடத்துக்கு வந்து நின்றார்கள்.

தடுப்பு இல்லை. சிவப்பு விளக்கு இல்லை. வேனும் இல்லை.

பனிக்கு முன்னால் பாய்ந்த காற்று, அவள் பத்திரம் என்று பதினோரு வருடம் நம்பிய நூறு மீட்டரைத் தாண்டி, இன்னும் முப்பது மீட்டர் வந்திருந்தது. வேன் புல்வெளியில் தலைகீழாகக் கிடந்தது, நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்து. ஏணி ஒரு ஊசியிலை மரத்தின் உச்சியில் மாட்டியிருந்தது. தூரிகைகள் பனியெங்கும் கறுப்பாய்ச் சிதறியிருந்தன.

முதலில் ரொட்டிக் கடைக்காரன் தொண்டையைக் கனைத்தான். "சென்சி, ஊரக் காப்பாத்திட்ட. உன்னத்தான் மறந்துட்ட."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பனியில் உட்கார்ந்தாள், பிறகும் சிரித்தாள். காலையில் அதே இடத்தில்தான் இருபத்திரண்டு பேரை நிற்க வைத்திருந்தாள் என்பது சிரிப்பின் நடுவில்தான் உறைத்தது. அப்புறம் சிரிக்க முடியவில்லை. காசியான் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான்.

வால்புர்கா மட்டும் கடிகாரத்தைப் பார்த்தாள். "ரெண்டு பத்து. கல்யாணம் பதினோரு மணிக்கு. இந்நேரம் நாங்க அங்க உக்காந்து சூப்பு குடிச்சிருப்போம்."

கிழவி சொன்னது சரிதான். பத்து மணிக்குத் திறந்திருந்தால் அநேகமாக எல்லோரும் கடந்துதான் போயிருப்பார்கள். அநேகமாக.

திங்கட்கிழமை காப்பீட்டு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சலில் ஒரு படிவம் வந்தது. 'வாகனம் நிறுத்திய இடத்தில் ஆபத்து உண்டு என்று முன்பே எச்சரிக்கப்பட்டதா?' ஆம் என்று எழுதினாள். 'எச்சரித்தவர் யார்?' தன் பெயரை எழுதினாள். 'ஓட்டுநர் எச்சரிக்கையை ஏன் பொருட்படுத்தவில்லை?' அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை. மறுநாள் போனில் கெப்ஹார்டிடம் அதைப் படித்துக் காட்டியபோது, அந்த மனிதர் உடைந்த இடுப்பு குலுங்கச் சிரித்து, "போதும், வலிக்குது, நிறுத்து" என்று கெஞ்சினார்.

"நான் விலகிக்கிறேன்" என்றாள் சென்சி. "தடுப்பையே தப்பான எடத்துல வச்ச ஆளு நான்."

"அந்த எடத்துல வச்சது நானு. நீ குழுவுக்கு வர்றதுக்கு முன்னாடியே நிக்குது. நாப்பது வருஷமா நானும் அங்கதான் நின்னு சிகரெட் குடிச்சிட்டிருந்தேன்." அவர் குரலில் சிரிப்பு அணைந்துவிட்டிருந்தது. "எண்பது மீட்டர் பின்னால தள்ளி வையி. இன்னிக்கே வையி."

புதன்கிழமை சாலை திறந்தது. வியாழன் அன்று கல்யாணம், அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க ரோஸ்வித்தா ஒத்துக்கொள்ளவில்லை. சென்சியை அழைத்திருந்தார்கள். போகலாமா என்று அரைநாள் யோசித்துவிட்டு, ஃப்ரீஸரில் இருந்த உருண்டைகளுக்குத் தானும் ஒரு காரணம் என்பதால் தின்று தீர்க்கிற கடமை உண்டென்று முடிவு செய்து, தபால் ஏற்றிப்போகும் பஸ்ஸில் போனாள். விரல் நகத்தில் கரி போகவில்லை. வால்புர்காவுக்குப் பக்கத்தில்தான் இடம் போட்டிருந்தார்கள்.

காசியானும் ரோஸ்வித்தாவும் எழுந்து ஆடியபோது சென்சி நெஞ்சுக்குள் கையை விட்டுத் துழாவுகிற மாதிரித் தேடிப் பார்த்தாள், அந்தப் பழைய குத்தல் எங்கே என்று. இருந்தது. ஆனால் முன்னளவு இல்லை. மூன்றாவது உருண்டையைத் தின்று முடித்ததும் இன்னும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அதனால் நாலாவதையும் எடுத்துக்கொண்டாள்.

வால்புர்கா சூப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள். "சனிக்கிழம இதவிட நல்லா இருந்திருக்கும்."

"இருந்திருக்கும் அத்தை" என்றாள் சென்சி. "உப்ப இப்படி எடுத்துக் குடுங்க."